புதுச்சேரி – சேலம் 191 கி.மீ... விமானத்தில் 23 நிமிடமா, 4 மணி நேரமா?

புதுச்சேரி விமான நிலையத்துக்கும் சேலம் விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கைபேசியில் தேடிப் பாருங்கள். 190 கிலோமீட்டரை ஒட்டி ஒரு பதில் வரும். பயண நேரம் என்று பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் வரும். சில தளங்களில் அது கால் மணி நேரம், சிலவற்றில் முக்கால் மணி நேரம். 'அட, வில்லியனூரில் இருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு போகிற நேரத்தில் சேலமே போய்விடலாம் போலிருக்கிறதே' என்று தோன்றும்.

அப்படித் தோன்றுவதில்தான் சிக்கல். இந்த இரண்டு விமான நிலையங்களிலும் விமானங்கள் வந்து போகின்றன. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேரடி விமானம் இல்லை. தூரமும் நேரமும் காட்டுகிற அந்தப் பக்கங்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு போட்டு, கிலோமீட்டரை வேகத்தால் வகுத்து, நிமிடத்தைக் காட்டிவிடுகின்றன.

சேலத்தில் பெண் கொடுத்தவர்களும், ஆத்தூர் பக்கம் சம்பந்தம் செய்தவர்களும், பிள்ளையைச் சேலத்துக் கல்லூரியில் சேர்த்தவர்களும் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இருக்கிறார்கள். நல்ல காரியம் என்றால் நாள் பார்த்துப் புறப்படலாம். திடீரென்று ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தாலோ, துக்கச் செய்தி வந்தாலோ யோசிக்க நேரம் இருக்காது. அந்த அவசரத்தில் எந்த வழி சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது முன்பே தெரிந்திருப்பது நல்லது. அதனால் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்.

191 கி.மீ. எப்படி வந்தது?

பெரிய கணிதம் எதுவும் வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் கூடவே உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டையில் இருக்கும் புதுச்சேரி விமான நிலையம் ஏறக்குறைய வடக்கு அட்சரேகை 11 பாகை 58 கலை, கிழக்குத் தீர்க்கரேகை 79 பாகை 49 கலையில் இருக்கிறது. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் 11 பாகை 47 கலை, 78 பாகை 4 கலையில்.

இரண்டுக்கும் கிழக்கு மேற்காக ஒன்றே முக்கால் பாகை வித்தியாசம். பூமத்திய ரேகையில் ஒரு பாகை என்றால் 111 கி.மீ. நாம் கொஞ்சம் வடக்கே இருப்பதால் இங்கே அது 109 கி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். ஒன்றே முக்காலால் பெருக்கினால் சுமார் 190 கி.மீ. வடக்கு தெற்காக உள்ள வித்தியாசம் 11 கலைதான், அதாவது சுமார் 20 கி.மீ. இனி பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம்: 190-இன் வர்க்கத்தையும் 20-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 191. இந்தத் தூரத்துக்குப் பூமியின் வளைவு பெரிய மாற்றம் எதையும் செய்யாது.

விமானிகள் இதையே 103 கடல் மைல் என்பார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

சுவாரசியம் என்னவென்றால், அந்தக் கோடு லாஸ்பேட்டையில் புறப்பட்டு, வில்லியனூருக்குச் சற்று வடக்கே கடந்து, ஏறக்குறைய விழுப்புரத்தின் தலைக்கு மேலேயே போகிறது. பிறகு கல்வராயன் மலை, சேர்வராயன் மலை, அதைத் தாண்டி ஓமலூர். அதாவது வில்லியனூர்க்காரர் ஒருவர் கிழக்கே லாஸ்பேட்டைக்குப் போய் விமானம் ஏறினால், அந்த விமானம் அவரைத் திரும்பத் தன் ஊர்ப் பக்கமாகவே தூக்கிக்கொண்டு வரும்.

23 நிமிடம் ஏன் 50 நிமிடம் ஆகிறது?

சிறிய விமான நிலையங்களுக்கு வந்து போவது பெரும்பாலும் ஏடிஆர் 72 வகை விமானம். இரண்டு பக்கமும் காற்றாடி சுழலும். இண்டிகோ இதில் 78 இருக்கைகள் வைத்திருக்கிறது. உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகம் போகும். 191-ஐ 500-ஆல் வகுத்தால் 23 நிமிடம். சில இணையதளங்கள் பெரிய ஜெட் விமானத்தின் 800 கி.மீ. வேகத்தைப் போட்டு வகுத்துவிடுவதால்தான் கால் மணி நேரம் என்று பதில் வருகிறது. இந்த வழித்தடத்தில் பெரிய ஜெட்டுக்கு வேலையே இல்லை. புதுச்சேரி ஓடுபாதையின் நீளம் 1,500 மீட்டர்தான். சேலத்தில் 1,800 மீட்டர். நாம் சென்னையில் பார்க்கிற ஏர்பஸ் விமானங்கள் ஆட்களையும் எரிபொருளையும் நிரப்பிக்கொண்டு வழக்கமாக வந்து போக இது போதாது.

அந்த 23 நிமிடமும் நடுவானில் நேர்கோட்டில் முழு வேகத்தில் பறந்தால் வருகிற கணக்கு. நிஜத்தில் விமானம் நின்ற இடத்திலிருந்து ஊர்ந்து ஓடுபாதைக்கு வர வேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு. 191 கி.மீ. பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பாதிக்கு மேல்.

காற்றும் ஒரு கணக்குப் போடும். விமானம் எதிர்காற்றில்தான் ஏற விரும்பும். லாஸ்பேட்டை ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக அமைந்தது. மாலையில் கடற்காற்று வீசினால் விமானம் கடலைப் பார்த்து ஏறி, பிறகு வட்டமடித்து மேற்கே திரும்ப வேண்டும். சேலம் பக்கம் போனால் 1,500 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும் சேர்வராயன் மலை. அதைப் பாதுகாப்பான உயரத்தில் தாண்டிய பிறகே தாழ இறங்க முடியும். இதையெல்லாம் சேர்த்து, கதவு மூடியதிலிருந்து கதவு திறக்கும் வரை என்று பார்த்தால் முக்கால் மணி முதல் 50 நிமிடம் வரை ஆகும். விமான நிறுவனங்கள் கால அட்டவணையில் போடுவதும் இந்தக் கதவுக்குக் கதவு நேரத்தைத்தான்.

வில்லியனூர் வாசலில் இருந்து...

நேரடி விமானம் இருப்பதாகவே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாம் வசிப்பது ஓடுபாதையில் இல்லை, வீட்டில். எனவே கணக்கு வாசலில் தொடங்க வேண்டும்.

வில்லியனூரில் இருந்து லாஸ்பேட்டைக்கு இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்க சிக்னல்களைத் தாண்டிப் போக 40 நிமிடம். செக்-இன் கவுன்ட்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதால், ஒன்றரை மணி நேரம் முன்னதாகவாவது அங்கே இருக்க வேண்டும். பறப்பது 50 நிமிடம். இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர 20 நிமிடம். காமலாபுரத்தில் இருந்து சேலம் நகரம் சுமார் 20 கி.மீ., 40 நிமிடம்.

கூட்டிப் பாருங்கள். 40, 90, 50, 20, 40. மொத்தம் 240 நிமிடம். சரியாக 4 மணி நேரம்!

அதே வில்லியனூரில் இருந்து கண்டமங்கலம், வளவனூர் வழியாக விழுப்புரம், பிறகு உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் என்று சேலத்துக்குச் சாலை வழியே சுமார் 200 கி.மீ. காரில் மூன்றரை முதல் 4 மணி நேரம். பஸ் என்றால் விழுப்புரத்தில் மாறுவதையும் சேர்த்து 5 மணி நேரத்தை ஒட்டி ஆகும். விமானத்தின் சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரத்தில், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பிய அதே நிமிடம் கிளம்பிய கார் கள்ளக்குறிச்சியை நெருங்கியிருக்கும்.

ரயிலும் இருக்கிறது. புதுச்சேரி – விழுப்புரம் ரயில் பாதை 1879-லேயே வந்துவிட்டது. வில்லியனூர் அந்தப் பாதையில் ஒரு நிலையம். விழுப்புரத்தில் இருந்து விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலத்துக்குப் பாதை போகிறது. நேரம் கூடுதல்தான். ஆனால் கால் நீட்டி உட்கார்ந்து போகலாம், செலவும் குறைவு.

பாகூரில் இருந்து பார்த்தால் விமானத்துக்கு இன்னும் பின்னடைவு. பாகூரில் இருந்து கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று கடலூர் சாலையில் வந்து, நகரத்தின் தென்கோடியில் நுழைந்து வடகோடியில் லாஸ்பேட்டையைத் தொட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். மொத்தக் கணக்கு நாலரை மணி நேரத்தைத் தொடும். கரிக்கலாம்பாக்கம் வழியாக வில்லியனூர் வந்து விழுப்புரம் சாலையைப் பிடித்தால், அதே நாலரை மணி நேரத்துக்குள் காரில் சேலம் போய்விடலாம்.

பெங்களூரு வழியாகப் போனால்?

இது நேரடி விமானம் இருந்தால் என்ற கற்பனைக் கணக்கு. இப்போது உண்மையில் கிடைக்கக்கூடிய வழி பெங்களூருவைச் சுற்றிக்கொண்டு போவது. டிக்கெட் தளங்களில் இரண்டு ஊர்களின் பெயரையும் போட்டால் இப்படித்தான் காட்டும்.

புதுச்சேரியில் இருந்து பெங்களூரு விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 266 கி.மீ. அங்கிருந்து சேலம் சுமார் 161 கி.மீ. ஆக, 191 கி.மீ. தள்ளியிருக்கும் ஊருக்குப் போக 427 கி.மீ. பறக்கிறோம். புதுச்சேரி – பெங்களூரு 1 மணி 10 நிமிடம், பெங்களூருவில் அடுத்த விமானத்துக்கு 2 மணி நேரம் காத்திருப்பு, பெங்களூரு – சேலம் 1 மணி நேரம் என்று தாராளமாக நல்ல கணக்காகவே போட்டாலும், வில்லியனூர் வாசலில் இருந்து சேலம் நகரம் சேர 7 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். இரண்டு விமானங்களின் நேரம் பொருந்தாத நாளில் இரவு பெங்களூருவில் தங்க வேண்டி வரலாம்.

துக்க வீட்டுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ ஓட வேண்டியவர் 'விமானம்தான் சீக்கிரம்' என்று நினைத்து இந்த டிக்கெட்டைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பணம் போவது ஒரு பக்கம். கடைசியாக முகம் பார்க்க முடியாமல் போய்விட்டால் அதை எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது.

அதே தூரம்... ஆனால் நடுவில் கடல்

அப்படியானால் 200 கி.மீ.க்குள் விமானம் விடுவதே வீண் வேலையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. திருச்சி – யாழ்ப்பாணம் வழித்தடத்தைப் பாருங்கள். திருச்சி விமான நிலையத்துக்கும் பலாலி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 184 கி.மீ. நம் புதுச்சேரி – சேலம் தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான். 2025 மார்ச் 30 முதல் இண்டிகோ அங்கே ஏடிஆர் விமானம் விட்டது. இங்கே நடுவில் கடல் இருக்கிறது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலை விட்டால் வேறு நேர்வழி கிடையாது. அதனால் குடியேற்றச் சோதனை, சுங்கச் சோதனை எல்லாவற்றையும் தாண்டியும் விமானம் ஜெயிக்கிறது.

உலகத்திலேயே மிகக் குறுகிய விமானப் பயணம் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் இருக்கிறது. வெஸ்ட்ரே தீவில் இருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு 2.7 கி.மீ., அட்டவணைப்படி 2 நிமிடம். அங்கேயும் காரணம் கடல்தான். மாறாக பிரான்ஸ், ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சில உள்நாட்டு வழித்தடங்களில் விமானமே கூடாது என்று 2023-இல் தடை போட்டது. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் இருந்து லியோன், நான்ட், போர்டோ நகரங்களுக்குப் போன விமானங்கள் அதில் அடங்கின.

நம் மத்திய அரசும் 2016-இல் உடான் திட்டத்தை அறிவித்தபோது 200 முதல் 800 கி.மீ. வரையிலான வழித்தடங்களைத்தான் குறிவைத்தது. மலைப்பகுதி, தீவு, ஒதுக்குப்புறப் பகுதிகளுக்கு மட்டும் குறைந்தபட்சத் தூரம் கிடையாது. தரை வழி எளிதாக இருக்கும் இடத்தில் 200 கி.மீ.க்குள் விமானத்தால் பெரிய லாபம் இல்லை என்பது திட்டம் போட்டவர்களுக்கும் தெரிந்தே இருந்தது.

தொடங்குவதும் நிற்பதும்

இரண்டு விமான நிலையங்களின் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். புதுச்சேரிக்கு 2013 ஜனவரியில் புதிய முனையம் வந்தது. ஸ்பைஸ்ஜெட் பெங்களூருவுக்குப் பறந்தது, அடுத்த ஆண்டே நின்றது. 2015-இல் அலையன்ஸ் ஏர் வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. 2017 ஆகஸ்டில் உடான் திட்டத்தின் கீழ் ஸ்பைஸ்ஜெட் ஹைதராபாத் விமானத்தைத் தொடங்கியது. அதுவும் ஒரு கட்டத்தில் நின்று, 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோ பெங்களூருவுக்கும் ஹைதராபாத்துக்கும் பறக்கத் தொடங்கியது. சேலத்தில் 2009-இல் கிங்ஃபிஷர், 2018-இல் ட்ரூஜெட், 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ என்று விட்டு விட்டு வந்தன.

காரணம் எளிது. 200 கி.மீ. பறந்தாலும் 600 கி.மீ. பறந்தாலும் விமானிக்கும் பணியாளருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும், தரையிறங்கும் கட்டணம் கட்ட வேண்டும். எரிபொருளை அதிகம் குடிப்பதும் மேலே ஏறும்போதுதான். தூரம் குறைந்தாலும் செலவு அந்த அளவுக்குக் குறையாது. டிக்கெட் விலையை ஏற்றினால் ஆட்கள் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். உடானில் அரசு கொடுக்கும் மானியம் பொதுவாக 3 ஆண்டுகளுக்குத்தான். மத்திய தணிக்கைத் துறை 2023-இல் கொடுத்த அறிக்கை இதை எண்ணிக்கையில் சொல்லியிருக்கிறது. உடானின் முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 371-தான் தொடங்கின. அவற்றில் 112 மட்டுமே மூன்று ஆண்டுகளை நிறைவு செய்தன. அதற்குப் பிறகும், 2023 மார்ச் நிலவரப்படி ஓடிக்கொண்டிருந்தவை 54.

ஹைதராபாத் என்றால் கதை வேறு

அதற்காக லாஸ்பேட்டை விமான நிலையமே நமக்கு எதற்கு என்று கேட்டுவிடக் கூடாது. ஹைதராபாத் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நேர்கோட்டில் சுமார் 600 கி.மீ. வில்லியனூரில் இருந்து லாஸ்பேட்டை, காத்திருப்பு, ஒன்றே முக்கால் மணி நேரம் வரையிலான விமானம், அங்கே ஊருக்குள் போவது எல்லாம் சேர்த்து ஐந்தரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சாலை வழியே போனால் ஒரு முழு இரவும் போதாது. சென்னை விமான நிலையத்துக்குப் போய் ஏறலாம் என்றாலும், வில்லியனூரில் இருந்து அங்கே போகவே 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வயதான பெற்றோருக்கு லாஸ்பேட்டை பெரிய வரம்.

விமான நிலைய விரிவாக்கம் பற்றிய பேச்சு புதுச்சேரியில் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஓடுபாதையை நீட்டத் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டப் பக்கம் நிலம் வேண்டும். யாருடைய நிலம், என்ன விலை, எந்த ஊருக்கு எத்தனை விமானம் என்ற கேள்விகள் ஒரு பக்கம் இருக்கட்டும். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இருக்கிற நமக்கு உடனடியாக உதவக்கூடியவை சின்ன விஷயங்கள். விமான நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி லாஸ்பேட்டைக்கு ஒரு பஸ் வந்தாலே காத்திருப்பும் ஆட்டோ செலவும் குறையும். விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையால் சேலம் பயணத்தில் மிச்சமாகிற நேரம், எந்த நேரடி விமானமும் மிச்சப்படுத்தக்கூடியதைவிட நமக்கு அதிகம்.

டிக்கெட் போடும் முன்...

* தேடுபொறி காட்டும் 'பறக்கும் நேரம்' உங்கள் பயண நேரம் கிடையாது. வீட்டில் இருந்து விமான நிலையம், காத்திருப்பு, கதவுக்குக் கதவு நேரம், பெட்டி எடுப்பது, அங்கிருந்து போய்ச் சேரும் வீடு – ஐந்தையும் தாளில் எழுதிக் கூட்டுங்கள்.

* விமானம் எந்தெந்தக் கிழமைகளில் இருக்கிறது என்பதை விமான நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள். சிறிய ஊர்களுக்கு எல்லா நாளும் விமானம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பருவம் மாறும்போது அட்டவணையும் மாறும்.

* இரண்டு விமானங்கள் மாறிப் போக வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பாது.

* ஏடிஆர் விமானத்தில் படி ஏறித்தான் போக வேண்டும். முட்டிவலி உள்ள பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டு வையுங்கள்.

* நேர்கோட்டுத் தூரம் 250 கி.மீ.க்குள், நடுவில் கடலும் இல்லை என்றால் முதலில் பஸ், ரயில் நேரத்தைப் பாருங்கள். 500 கி.மீ.யைத் தாண்டினால் முதலில் லாஸ்பேட்டை விமானத்தைப் பாருங்கள். இடைப்பட்ட தூரத்துக்கு மேலே சொன்ன ஐந்து எண்களையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அவசரம் வருவதற்கு முன்பு, நீங்கள் அடிக்கடி போகிற இரண்டு மூன்று ஊர்களுக்காவது இந்தக் கணக்கைப் போட்டுக் காலண்டர் பின்பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள். போன் வந்த பிறகு கூகுளைத் திறந்து கணக்குப் பார்க்க வேண்டியிருக்காது. நேரே கிளம்பிவிடலாம்.